திரையிலிருந்து மேடைக்கு: ‘எகிப்தின் இளவரசன்’

விவிலியத்தின் யாத்திராகமத்தில் மோசேயை எதிர்த்து நிற்கும் பார்வோனுக்குப் பெயர் இல்லை. அவன் மோசேயுடன் வளர்ந்தவன் என்ற குறிப்பும் அங்கு இல்லை. 1998 டிசம்பரில் வெளிவந்த ‘எகிப்தின் இளவரசன்’ என்னும் அசைவூட்டத் திரைப்படம் இவ்வெற்றிடத்தை நிரப்பியது. பார்வோனை ராம்சேஸ் ஆக்கி, இருவரையும் சகோதரர்களாக வளர்த்தது. மூலத்தில் குழந்தையை எடுத்து வளர்ப்பவள் பார்வோனின் மகள். படத்தில் அரசியே எடுத்து வளர்க்கிறாள். இம்மாற்றம் இல்லையேல் சகோதரக் கதை நிற்காது.

இப்புனைவுக்குச் சொற்பிறப்பியல் தற்செயலாகத் துணை நிற்கிறது. மோசே என்னும் பெயரை யாத்திராகமம் ‘வெளியே எடுத்தல்’ எனப் பொருள்படும் எபிரேய வினையோடு இணைக்கிறது. அறிஞர் பலர் ‘பிறந்தவன்’ என்னும் எகிப்தியச் சொல்லோடு இணைப்பர். ராம்சேஸ் என்னும் பெயரின் பிற்பகுதியும் அதே வேரினதே.

படத்திற்குப் பாடல்கள் எழுதிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸும் திரைக்கதையாளர் பிலிப் லாசெப்னிக்கும் இதனை இசை நாடகமாக்கினர். இது 2017இல் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலும், 2018இல் டென்மார்க்கின் பிரடெரீசியாவிலும், 2020 பிப்ரவரியில் லண்டன் டொமினியன் அரங்கிலும் மேடையேறியது. பெருந்தொற்றால் மார்ச்சில் நின்று, 2021 ஜூலையில் மீண்டும் தொடங்கி, 2022 ஜனவரியில் நிறைவுற்றது.

ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பின் ஒரு வகையாக 1959இல் ரோமன் யாகப்சன் வகுத்தார். ஓவியனின் தூரிகைக்கு எரியும் முட்செடியும் பிளக்கும் கடலும் எளியவை, மேடைக்கு அரியவை. லண்டனில் நடனக் கலைஞரின் உடல்களே முட்செடியாயின. படம் சில நொடிக் காட்சியால் உணர்த்திய மனநிலைகளை மேடை பாட்டால் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே புதிய பாடல்கள் பல சேர்ந்தன. படத்தில் இடமே பெறாத ராம்சேஸின் மனைவி நெபர்தாரி மேடையில் குரல் பெற்றாள். தலைமகனை இழந்த தாயின் துயர் அதனால் அரங்கேறியது; இச்சேர்க்கை நியாயமானதே.

இழப்பும் உண்டு. மூலத்தில் மோசே தன் வாயும் நாவும் ‘கனமானவை’ என்கிறான். பார்வோனின் நெஞ்சைக் குறிக்கும் இடங்கள் சிலவற்றிலும் அதே எபிரேய வேரே வருகிறது. தமிழில் நாவுக்கு ‘மந்தம்’, நெஞ்சுக்குக் ‘கடினம்’ எனப் பிரிந்ததால் இவ்வுறவு மறைந்தது. படத்திலும் மேடையிலும் அது வேறு வழியில் மறைகிறது: பேச இயலாதவன் இங்குத் தடையின்றிப் பாடுகிறான், அவனுக்கு வாயாக அமர்த்தப்பட்ட ஆரோன் சிறு பாத்திரமாகச் சுருங்குகிறான். திக்கும் நாவைப் பாட்டில் காட்டுவது அரிதெனினும், முயன்றிருக்கலாம்.

படத்தின் ஆஸ்கர் பெற்ற பாடலினிடையே யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தின் எபிரேய அடிகள் மொழிபெயர்க்கப்படாமலே ஒலிக்கின்றன. மூலத்தில் அவை கடலைக் கடந்தபின் பாடிய வெற்றிப் பாட்டு. படத்திலோ மக்கள் எகிப்தை விட்டுப் புறப்படும்போதே பாடுகின்றனர். கடல் இன்னும் எதிரே இருக்கிறது. எபிரேயம் அறிந்தவருக்கே இவ்விடமாற்றம் புலனாகும். ஏனையோர்க்கு அவ்வடிகள் பொருளற்ற, ஆயினும் தொன்மை மணக்கும் ஓசை.