கூத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

காமன் கூத்து பார்த்துட்டு வந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ரதி யார், மதன் யார், எமன் வேஷம் கட்டினது எந்த லயத்துப் பையன் என்று வரிசையாகச் சொல்வாங்க. தப்பு அடிச்சது யார்? "தப்புக்காரங்க" என்பதோடு பேச்சு முடிஞ்சிடும். பதுளை, பசறை, நமுனுகுல, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களில் இதுதான் வழக்கம்.

ஐரோப்பிய நாடக அரங்குகளில் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். வயலின்காரரும் டிரம்பெட் ஊதுகிறவரும் அதற்குள் உட்கார்ந்துதான் வாசிப்பாங்க. 1876இல் ஜெர்மனியின் பைரோய்ட் நகரில் ரிச்சர்ட் வாக்னர் திறந்த அரங்கில், அந்தப் பள்ளத்துக்கு மேலே ஒரு மறைப்பும் போட்டு, வாத்தியக்காரர்களைச் சபையின் கண்ணுக்கே தெரியாமல் ஆக்கினார். நம்ம கூத்துக்குப் பள்ளமும் இல்லை, மறைப்பும் இல்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னாடி நின்றுதான் தப்பு அடிக்கிறாங்க. அப்படியும் அவங்க தெரியாமல் போனாங்க என்றால், மறைத்தது சாதி.

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் கம்பம் ஊன்றுவாங்க. பௌர்ணமியை ஒட்டி மதன் எரிவான். அத்தனை நாளும் தப்பு இல்லாமல் கூத்து ஓரடி நகராது. ஊவா மலையில் மாசி இரவு லேசுப்பட்டது இல்லை. பனி இறங்கினால் தோல் தளர்ந்து சத்தம் மங்கிடும். அதனால களத்தின் ஓரத்தில் நெருப்பு மூட்டி, தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கணும். சூடு கூடினால் தோல் வெடிக்கும், குறைஞ்சால் சத்தம் எழும்பாது. ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி, கண் மட்டும் ஆடுகிறவர் காலில். கெட்ட கனவு கண்ட ரதி மதனைப் போகாதே என்று தடுக்கும்போது அடி தணியும். வீரபத்திரன் களத்துக்குள் பாய்ந்தால் வேகமெடுக்கும். மதன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கையில், பாட்டு மூச்சு வாங்கும் இடங்களைத் தப்பு தாங்கிக்கொள்ளும். வேஷம் கட்டினவர் அடியைத் தவறவிட்டால் அவரை மறுபடி தாளத்துக்குள் இழுத்து வருவதும் மூத்த தப்புக்காரர்தான். இதற்கெல்லாம் கொப்பி புத்தகம் கிடையாது. பக்கத்தில் நின்று, பார்த்து, கையில் ஏற்றிக்கொண்ட வித்தை.

இதே தப்புதான் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கும் கூப்பிட்டது. சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை அந்த விடியல் முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. காலையில் தொரைக்காக, மாசியில் காமனுக்காக, சாவு வீட்டில் பிணத்துக்காக என்று எல்லாவற்றுக்கும் அடித்தவை ஒரே கைகள். ஆனால் ஊர் அவங்களை எடை போட்டது சாவு மேளத்தை வைத்து மட்டும். அதனால இன்றைக்கு ஒரு பையன் "நான் தப்பைத் தொட மாட்டேன்" என்று சொன்னால், கலை அழியுதே என்று அவனைக் குறை சொல்கிறவங்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அவன் உதறுவது அவன் மேல் ஏற்றி வைத்த சுமையை. அதோடு சேர்ந்து கூத்து அடியும் போய்விடுகிறதே என்பதுதான் எங்க கவலை.

அடி போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தாங்க. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டாங்க. (ஆட்களைத்தான் சொல்கிறோம், தேயிலைப் பெட்டிகளை இல்லை.) மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவங்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர் வந்தது. கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஒரு கரையில், கற்க வேண்டியவன் மறு கரையில் என்றால், வாயாலும் கையாலும் மட்டுமே கடத்தப்பட்ட ஒரு வித்தை எப்படி மிஞ்சும்?

மிஞ்சியதை அடுத்த மாசியில் போனில் பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். ரதி ஒப்பாரிக்கான அடி, வீரபத்திரனுக்கான அடி, எமனுக்கான அடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, குச்சி பிடிக்கும் கை தெரிகிற மாதிரி. உங்க தோட்டத்தில் மூத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்க, நாங்க வர்றோம். வருவதற்கு முன்னாடி அவரிடம் சம்மதமும் பேரும் கேட்டு வைங்க. அடி கற்றது யாரிடம் என்றும் கேளுங்க, அந்தப் பேரும் வேணும். ‘தப்புக்காரர்’ என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம்.