நோவும் அதன் சான்றும்: மோபீன் ஆய்வு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மூலிகை ஒன்று நோவைத் தணிக்கும் என்று மருத்துவ மரபு கூறுவதை ஆய்வுகூடத்தில் நிறுவ முற்படும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. நோவென்பது அதனை அனுபவிப்போரின் அகவுணர்வாகும். சோதனைக்குள்ளாகும் விலங்கோ அதனை மொழியாற் கூறவல்லதன்று. இவ்விடர்ப்பாட்டின் தன்மையை அபினியிலிருந்து மோபீன் பிரிக்கப்பட்ட வரலாறு நன்கு விளக்குகின்றது.

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்து அபினியாகின்றது. நூற்றாண்டுகள் பலவாக அது நோவுக்கு மருந்தாக வழங்கியது. எனினும் விளைந்த இடம், பருவம், கலப்படம் என்பவற்றுக்கேற்ப அதன் வீரியம் வேறுபட்டது. ஆதலால் ஒரே அளவு ஒருவருக்குப் பயனற்றதாகவும் இன்னொருவருக்கு உயிராபத்தாகவும் அமைதல் கூடும். ஜேர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துச்சாலையொன்றிற் பணியாற்றிய பிரெடரிக் சேர்த்தூர்னர் (1783–1841), அபினியின் ஆற்றல் ஒரு தனிப்பொருளில் அடங்கியிருத்தல் வேண்டும் எனக் கருதினார். அவர் முதலிற் பிரித்தெடுத்த அமிலம் நாய்களிடத்தே குறிப்பிடத்தக்க விளைவெதனையும் தரவில்லை. பின்னர் அமோனியாவைச் சேர்த்துப் பெற்ற படிகங்களைக் கொடுத்தபோது நாய்கள் உறங்கின, வாந்தியும் எடுத்தன. பிரிக்கப்பட்ட பொருள்களுள் ஆற்றலுடையது எது என்பதைத் தெரிவித்தவை அந்நாய்களே எனலாம்.

ஆயினும் உறக்கம் வேறு, நோவுநீக்கம் வேறு. நாய்களின் உறக்கத்தைக் கொண்டு அவற்றின் நோவு பற்றி எதனையும் துணிய முடியாது. 1805, 1806ஆம் ஆண்டுகளில் வெளியான அவரது கட்டுரைகள் அதிக கவனம் பெறவில்லை. 1817இல் வெளியிட்ட கட்டுரையில், தாமும் பதினேழு வயதுக்கு மேற்படாத இளைஞர் மூவரும் அப்பொருளை அரைக் கிறேன் அளவில் மும்முறை உட்கொண்டதை அவர் விவரித்தார். அயர்வும் வயிற்று நோவும் மிகுந்தமையால், வாந்தியெடுக்கும் பொருட்டு வினாகிரி அருந்த நேர்ந்தது. மனிதரின் வாய்மொழி கிடைத்ததெனினும், அதற்காக இளைஞர் மூவர் ஆபத்துக்குள்ளாக்கப்பட்டனர் என்பது மறக்கற்பாலதன்று. 1827 அளவில் மேர்க் நிறுவனம் மோபீனை வாணிக முறையில் உற்பத்தி செய்யலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அளவீடு முதன்மை பெற்றது. 1941இல் டமோர், சிமித் ஆகியோர் எலியின் வாலில் வெப்பக் கதிரைப் பாய்ச்சி, அது வாலை விலக்க எடுக்கும் நேரத்தைக் கணித்தனர். 1944இல் வுல்ஃப், மக்டொனால்ட் ஆகியோர் சுண்டெலிகளைச் சூடான தட்டில் விட்டு ஆராய்ந்தனர். மருந்தூட்டியபின் அந்நேரம் நீடிப்பின் நோவு தணிந்ததெனக் கொள்வர். ஆயினும் மயக்கமுற்ற விலங்கும் தசை தளர்ந்த விலங்கும் அவ்வாறே தாமதிக்கும். ஆகையால் அவற்றின் அசைவாற்றலைத் தனியே சோதித்தல் இன்றியமையாததாயிற்று. அசையாமையை நோவின்மையென மயங்குதல் அறிவியற் பிழை மட்டுமன்று, அறப் பிழையுமாகும்.

இவ்வறப் பொறுப்பை 1959இல் ரசல், பேர்ச் ஆகியோர் மூன்று கடமைகளாக வகுத்தனர். விலங்குக்கு மாற்று வழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. 1983இல் வெளியான சர்வதேச நோவாய்வுச் சங்கத்தின் நெறிமுறைகளோ, இயன்றவிடத்து ஆய்வாளர் அந்நோவைத் தம்மீதே முதலிற் சோதித்தறிதல் வேண்டும் எனக் கூறின.

இலங்கையிலும் நொச்சியிலைச் சாற்றின் நோவுநீக்கும் இயல்பு எலிகளில் ஆராயப்பட்டு, 2003இல் முடிவுகள் வெளியாயின. நாட்டு மூலிகைகளை ஆராயப் புகும் நம்மவர் வினாடிகளை எண்ணுவதோடு அமையாது, அவ்வெண்கள் எவ்வுயிரின் எந்நிலையைக் குறிக்கின்றன என்பதையும் வினவுதல் வேண்டும்.