தீபாவளிப் படம் எங்கே அப்பா?

இந்த வாரம் ஆபீஸில் ஆணி குறைவு. அதனால் ஒரு சின்ன கொசுவத்தி.

டிசம்பர் பிறந்தால் போதும், நியூஜெர்சியில் எங்கள் வீட்டு டிவியில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்ததும் பனி கொட்டுகிறது. எல்லாம் கிறிஸ்துமஸ் படங்கள். 2017-ல் வந்த 'எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்', 2018-ல் வந்த 'தி கிறிஸ்துமஸ் க்ரானிக்கிள்ஸ்' என்று பழசையும் மறுபடி பார்க்கிறார்கள். மகள் கேட்டாள், "நமக்கு ஏன்ப்பா இப்படி தீபாவளிப் படம் இல்லை?"

வட்டவடைக்காரனிடம் சினிமாக் கதை கேட்டால் விடுவேனா? தங்கமணி எழுந்து உள்ளே போய்விட்டார் :-)

நம் தீபாவளிப் படம் தீபாவளியைப் பற்றிய படம் அல்ல, தீபாவளிக்கு வருகிற படம். 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. 1952-ல் 'பராசக்தி', 1987-ல் 'நாயகன்', 1991-ல் 'தளபதி' எல்லாம் தீபாவளிக்கு வந்தவைதான். அவர்களுக்குப் பண்டிகை என்பது கதை. நமக்கோ அது தேதி. கதையென்றால் பெட்டியில் வைத்து வருஷா வருஷம் எடுக்கலாம். தேதி போனால் போனதுதான்.

அந்தத் தேதியும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. மூணாறு தாண்டி, டாப் ஸ்டேஷன் தாண்டி, மலைமேல் கேரளாவுக்குள் ஒரு தமிழ் ஊர். பூண்டும் கேரட்டும் விளையும், தியேட்டர் கிடையாது. புதுப்படம் பெரிய ஊர்களில் ஓடி முடித்து, 'சி சென்டர்' வரை வந்தபிறகு மலை இறங்கிப் போனால்தான் உண்டு. 1993-ல் சன் டிவி வந்தபிறகுதான் பண்டிகை வீட்டுக்குள் வந்தது. காலையில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம், பிறகு நடிகர் பேட்டி, அப்புறம் படம். டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்கா வந்தபின் அதுவும் போச்சு. தீபாவளியன்றும் ஆபீஸ்தான்.

பிறகு 2020. தியேட்டர்கள் மூடிக் கிடந்த வருஷம். ஓணத்துக்கு நெட்ஃபிளிக்ஸில் 'மணியறையிலே அசோகன்', மறுநாள் அமேசான் பிரைமில் 'சி யூ சூன்'. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 12-ல், பிரைமில் 'சூரரைப் போற்று'. தீபாவளியன்றே ஹாட்ஸ்டாரில் 'மூக்குத்தி அம்மன்', சன் டிவியில் நேரடியாக 'நாங்க ரொம்ப பிசி'. அடுத்த பொங்கலுக்கு ஹாட்ஸ்டாரில் 'பூமி', சன் டிவியில் 'புலிக்குத்தி பாண்டி'.

வாழ்க்கையில் முதன்முறையாக ஊரில் அம்மாவும் இங்கே நானும் ஒரே தீபாவளிக்கு ஒரே புதுப்படம் பார்த்தோம். அங்கே தம்பியின் செல்போனில், சிக்னல் நின்று நின்று வர, 'சூரரைப் போற்று'. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் சூர்யா விமான நிலையத்தில் கையேந்துவார். எனக்கு டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது, விமானம்தான் இல்லை. வழக்கமான சர்வதேச விமானங்களை இந்தியா அந்த மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தது. போனில் அம்மா, "நீ வரலேன்னு நான் ஒண்ணும் நினைக்கல சாமி" என்றார். அதற்குமேல் படம் ஓடவில்லை.

தியேட்டர் திறந்ததும் தேதி பழையபடி அங்கே போய்விட்டது. 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' தியேட்டருக்கு ஜனவரி 13-ல் வந்தது, பிரைமுக்கு 29-ல். 2024 தீபாவளிக்கு அக்டோபர் 31-ல் வந்த 'அமரன்' நெட்ஃபிளிக்ஸுக்கு டிசம்பர் 5-ல்தான் வந்தது. தியேட்டருக்கு முதல் நாலு வாரமாவது விட வேண்டும் என்பது கணக்கு. பண்டிகையன்று ஓடிடிக்காரர்கள் நமக்குத் தருவது பெரும்பாலும் அறிவிப்புதான். பொங்கல் சமயத்தில் 'நெட்ஃபிளிக்ஸ் பண்டிகை' என்று வரப்போகும் படங்களின் பட்டியல் வரும். விருந்துக்கு முன்னால் மெனு கார்டு!

தியேட்டர்காரர்கள் பிழைக்க வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு தீபாவளி, ஊரே அடைபட்டுக் கிடந்ததால் எங்களுக்குக் கிடைத்தது. இன்னொரு முறை அப்படிக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படவும் முடியாது.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் சொன்னாள், "அப்போ சூரரைப் போற்றுதான் நம்ம தீபாவளிப் படம். வருஷா வருஷம் பார்ப்போம்."

அடுத்த தீபாவளிக்கு அம்மாவையும் போனில் கூப்பிட்டு உட்கார வைக்கணும். உங்கள் வீட்டில் எந்தப் படம்?