புயல் பாதையில் டயாலிசிஸ்

கடலூர் மாவட்டத்தில் சிறுநீரக நோய்க்கான சிகிச்சை வளர்ந்த கதையை இயந்திரக் கணக்காகச் சொல்வதே வழக்கம். எந்த ஆஸ்பத்திரியில் புதுப் பிரிவு திறந்தார்கள், எத்தனை படுக்கை கூடியது என்பதே செய்தியாகிறது. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் இம்மாவட்டத்தின் கடந்த இருபது ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், டயாலிசிஸ் செய்துகொள்பவரின் உயிர் இயந்திரத்தை மட்டும் நம்பி இல்லை, தண்ணீர், மின்சாரம், சாலை ஆகிய மூன்றையும் நம்பி இருக்கிறது என்பது விளங்கும். இந்த மூன்றையும் ஒரே இரவில் பறித்துவிடும் புயலும் வெள்ளமும் இங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. எனவே, கடலூரிலும் சிதம்பரத்திலும் சிறுநீரக சிகிச்சை பாதுகாப்பானதா என்பதை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது, கடலூரும் சிதம்பரமும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சிறுநீரகம் செயலிழந்தவர் வேலூருக்கோ சென்னைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோதான் போக வேண்டும். 1985-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியதும் தெற்குப் பகுதிக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கிடைத்தது. 1993-இல் கடலூர் தனி மாவட்டமான பிறகும் அரசு மருத்துவக் கல்லூரி மட்டும் வரவில்லை. பக்கத்து விழுப்புரத்துக்கு 2010-இலேயே வந்துவிட்டது. சிதம்பரம் மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்து வாரக்கணக்கில் போராடிய பின்பு, 2021 ஜனவரியில் ராஜா முத்தையா கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு இம்மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியானது. இடையில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2016-இல் மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் என ஒவ்வொன்றாக வந்து, ஏழைக் குடும்பங்களின் செலவுச் சுமையைக் குறைத்தன. வீட்டையும் நிலத்தையும் விற்றுச் சில மாதம் டயாலிசிஸ் செய்துவிட்டுக் கைவிட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரண முன்னேற்றமில்லை.

இதே ஆண்டுகளில்தான் 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு போயின, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2015 நவம்பர் மழையில் பெரியகாட்டுப்பாளையமும் விசூரும் உயிர்களைப் பறிகொடுத்தன. 2024-இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை கரை மீறிக் கடலூரின் ஊர்களுக்குள் புகுந்தது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் கோத்து மூச்சு முட்டும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் சட்டென்று நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் பகுதி நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நூற்றுக்கு 44 பேர் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தனர். வசதி மிகுந்த நாட்டிலேயே அப்படி என்றால், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்பவர்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிவாரண முகாமில் அன்போடு நீட்டப்படும், பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும்கூட இவர்களுக்கு ஆபத்து. முகாம் நடத்துபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே அதிகம் பேசப்படாதது தண்ணீர். நான்கு மணி நேர டயாலிசிஸில் சுமார் 120 லிட்டர் நீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை ஒட்டியபடி ஓடுகிறது. குடிக்கும் நீரில் உள்ள கசடைக் குடலும் கல்லீரலும் ஓரளவு தடுக்கும். இங்கே அந்தக் காவல் கிடையாது. அதனால் டயாலிசிஸ் பிரிவுக்குப் பின்னால் ஒரு சிறு அறையில் நீரின் கடினத்தன்மையை நீக்கும் தொட்டி, கரித்தூள் தொட்டி, ஆர்.ஓ. இயந்திரம் என்று வரிசையாக நிற்கும். குளோரினைப் பிடித்து நிறுத்துவது கரித்தூள் தொட்டி. அது தேய்ந்துபோனால் குளோரின் கலந்த நீர் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெள்ளம் வடிந்த மறுநாள் ஊர் முழுக்க பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள்; லாரித் தண்ணீரிலும் குளோரினைக் கூட்டிப் போடுகிறார்கள். தொற்றைத் தடுக்க அது அவசியம்தான். ஆனால் அதே வாரத்தில்தான் கரித்தூள் தொட்டி மீது மிகப் பெரிய சுமை ஏறுகிறது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் குளோரின் சோதனை செய்ய சில நிமிடமே ஆகும்; அதைச் செய்தார்களா, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்பதை ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்க வேண்டும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்க நீரை லாரியில் கொண்டுவந்து டயாலிசிஸுக்குப் பயன்படுத்தினார்கள். பாசி நஞ்சு இரத்தத்தில் கலந்து சுமார் ஐம்பது பேர் இறந்தனர். ஏரியையும் லாரியையும் நம்பும் நம் ஊர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி அது.

இயந்திரமே போதாத ஊரில் புயலைப் பற்றிப் பேசுவது முன்னுக்குப் பின் முரண் இல்லையா, முதலில் படுக்கையைக் கூட்டட்டுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இயந்திரம் கூடத்தான் வேண்டும். ஆனால் கடலூரிலோ சிதம்பரத்திலோ எத்தனை இயந்திரம் வைத்தாலும், சாலை அறுந்த நாளில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவருக்கு அவை எட்டாது. வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் சி.ஏ.பி.டி. முறைக்கு மின்சாரம் வேண்டாம், ஆஸ்பத்திரிப் பயணமும் அடிக்கடி தேவையில்லை. சிகிச்சைத் திரவப் பையை உயரத்தில் மாட்டினால் திரவம் தானாக இறங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. கூரை வீட்டில் எப்படிச் சுத்தம் பேணுவார்கள், வயிற்றில் சீழ் பிடிக்காதா என்பது அடுத்த ஆட்சேபம். பிடிக்கக்கூடும், அது அற்பமான பயமில்லை. நன்றாகப் பயிற்சி கொடுத்து, செவிலியர் வீடு தேடிப் போய்ப் பார்த்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். வெள்ளம் வீட்டுக்குள்ளேயே புகுந்தால் பைகளும் நனையும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, எந்த ஊரில் யார் சி.ஏ.பி.டி. முறையில் இருக்கிறார், யார் வாரம் இரண்டு, மூன்று முறை ஆஸ்பத்திரி போக வேண்டும் என்ற பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாக வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும், முறை வரும் நாளுக்குக் காத்திராமல் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்து அனுப்புவது எளிதில் நடக்கக்கூடிய காரியம்.

எல்லாவற்றிலும் மேலான பாதுகாப்பு, டயாலிசிஸ் வரை போகாமல் தடுப்பது. சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணியின் வழிகாட்டலில் சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990-களின் பிற்பகுதியிலேயே இதைச் செய்து காட்டியது. சென்னைக்கு அருகே கிராமங்களில் சுமார் 25,000 பேர் வாழும் பகுதியில், உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று மலிவான இரசாயனம் கொண்டு சோதித்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளையே கொடுத்தார்கள். 2023 ஜூலையில் தமிழக அரசு ஒரு தனித் திட்டமாக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது அதே பாதையில்தான். கண்டுபிடித்து மட்டும் என்ன பயன், பார்க்க நிபுணர் வேண்டாமா என்பவர்களுக்கு மணியின் கிராமங்களே பதில்: சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதற்கு நிபுணர் தேவைப்படவில்லை, மாதந்தோறும் தவறாமல் வந்து பார்க்கும் ஒருவர் போதுமாயிருந்தது. புவனகிரி, குறிஞ்சிப்பாடி வயல்களில் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் இந்தச் சோதனை சென்று சேர வேண்டும். கடும் வெப்பத்தில் உடல்நீர் வற்ற வற்ற உழைப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கான சான்றுகள் உலகெங்கும் பெருகி வருகின்றன. சிறுநீரில் புரதம் தெரிந்தவரின் பெயர் துணை சுகாதார நிலையப் பதிவேட்டில் ஏறி, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவரைத் தேடிப் போனார்களா என்பதைக் கொண்டே அரசின் சிறுநீர்ச் சோதனைத் திட்டத்தை மதிப்பிட வேண்டும்.