துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

1761, ஜனவரி 2. மாதக்கணக்கில் ஆங்கிலேயரின் முற்றுகைக்குள் கிடந்த புதுச்சேரியில் அரிசி தீர்ந்திருந்தது. யானை, குதிரை, ஒட்டகம் என்று அறுத்துத் தின்னக்கூடியதையெல்லாம் தின்று தீர்த்த நேரம். பிரெஞ்சுத் தளபதி லாலி அன்று பழவேற்காட்டில் இருந்த தங்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலேயர் கப்பல் படை ஒழிந்தது, இனி எவனும் மறிக்க மாட்டான், கிடைக்கிற படகிலெல்லாம் அரிசியை ஏற்றி உடனே அனுப்பிவையும் என்பது அதன் சாரம். கடிதம் போய்ச்சேரவில்லை, வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கிக்கொண்டது.

லாலி சொன்னது முழுப் பொய்யுமில்லை. வருடப் பிறப்பையொட்டி அடித்த புயலில், புதுச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களில் டியூக் ஆஃப் அக்விட்டேன், சண்டர்லேண்ட் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் ஒரு சரக்குக் கப்பலும் மூழ்கின. அவற்றோடு ஏறத்தாழ 1,100 பேர் போனார்கள். நியூகாசில், குவீன்ஸ்பரோ, புரொடெக்டர் மூன்றும் நகரத்துக்குத் தெற்கே மணலில் மோதி உடைந்தன. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். மற்றக் கப்பல்கள் பல பாய்மரம் முறிந்து அலைந்தன.

இந்தப் பேரழிவைப் போர்க் கதையாகப் படிப்பதுதான் வழக்கம். ஆனால் இது அடிப்படையில் நங்கூரத்தின் கதை. புதுச்சேரிக்கு வந்த எந்தப் பெரிய கப்பலுக்கும் ஒதுங்கி நிற்க ஓர் இடம் கிடையாது. ஆற்றுக்குள் நுழைய முடியாது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை மறைக்க ஒரு தீவோ முனையோ இல்லை. கோடு கிழித்ததுபோல நேராக ஓடும் கரை. ஆகவே கப்பல்கள் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளி, திறந்த கடலில், நங்கூரத்தை மட்டும் நம்பி நின்றன. கிழக்கே முழு வங்காள விரிகுடா. மேற்கே, முதுகுக்குப் பின்னால், மணல்.

அப்படி நிற்கும் கப்பலுக்குப் புயல் நேரத்தில் இருந்த நல்ல வழி ஒன்றுதான்: காற்று இன்னும் கரைப்பக்கத்திலிருந்து வீசும்போதே வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடிவிடுவது. ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஸ்டீவன்ஸ் அந்த இரவில் அதைத்தான் செய்தார். தன் கப்பலின் வடத்தை வெட்டச் சொல்லி, மற்றவர்களும் அப்படியே செய்யும்படி பீரங்கி வெடித்து அடையாளம் காட்டினார். காற்றின் இரைச்சலில் வெடிச்சத்தம் கேட்கவில்லை. தலைவர் உத்தரவில்லாமல் நகரக் கூடாதென்று மற்றக் கப்பல்கள் நங்கூரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தன. நடுவில் காற்று ஓய்ந்தது. பிறகு எதிர்த் திசையிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து, திரும்பி அடித்தது. புயலின் கண் தலைக்கு மேல் கடந்துபோனது என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் கப்பல்களில் இருந்தவர்களுக்கு அந்த ஓய்வு பிழைத்துவிட்டோம் என்ற நினைப்பைத்தான் கொடுத்திருக்கும். சில நாட்களுக்குள் ஸ்டீவன்ஸ் மிச்சக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு வந்து மறுபடி வழி மறித்தார். ஜனவரி நடுவில் புதுச்சேரி சரணடைந்தது. அதற்கு நாலைந்து நாள் முன்புதான், கால் நூற்றாண்டாக இந்தக் கடலில் வந்துபோன கப்பல்களைத் தன் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியிருந்தார்.

பிள்ளையின் நாட்குறிப்பு 1736-ல் தொடங்குகிறது. அவர் பெரிய துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), வியாபாரி, ஆனந்தப்புரவி என்ற கப்பலுக்குச் சொந்தக்காரர். அவர் எழுத்தில் கப்பல் வருகை என்பது சாதாரணச் செய்தியல்ல. ஊரே கடலைப் பார்த்து நிற்கிற நிகழ்ச்சி. எந்தக் கொடி, எத்தனை பீரங்கி மரியாதை, என்ன சரக்கு, எவ்வளவு வெள்ளி, ஐரோப்பாவில் சண்டையா சமாதானமா என்பதெல்லாம் அந்த மரப்பலகைகளுக்குள் வந்துகொண்டிருந்தன. கப்பல் கண்ணில் பட்டாலும் அதிலுள்ள ஆளும் பொருளும் கரைக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்தக் கடைசி ஒரு மைல்தான் பயணத்தின் மிக ஆபத்தான மைல்.

முதலில் புதுச்சேரியைக் கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. வங்கக் கடலின் மேற்கு ஓரத்தில் நீரோட்டம் வருடத்தின் பெரும்பகுதி வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பும். ஆகவே மொரீஷியஸிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றோடு வருகிற கப்பல் நேரே புதுச்சேரிக்குக் குறிவைக்காது. தெற்கே நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கரையைக் கண்டுகொண்டு, பிறகு கரையோரமாக மேலேறி வரும். தவறி வடக்கே தள்ளிப் போய்விட்டால் எதிர்நீரோட்டத்தில் திரும்பி வர நாள்கணக்கில் போராட வேண்டும். தட்டையான இந்தக் கரையில் அடையாளம் காட்டியவை கோபுரங்கள். நாகப்பட்டினத்தில் 1867-ல் இடிக்கப்படும்வரை நின்ற பழைய பௌத்தக் கோபுரம், சிதம்பரத்தின் நான்கு கோபுரங்கள், வடக்கே மாமல்லபுரம் இவையெல்லாம் ஐரோப்பிய மாலுமிகளின் வழிகாட்டிப் புத்தகங்களில் ஏறின. புதுச்சேரிக்குப் பின்னால் தெரியும் செம்மண் மேடும் கோட்டைக் கொடிமரமும் இங்கே வந்துவிட்டோம் என்று சொல்லின.

பக்கத்தில் வந்ததும் ஈயக்குண்டு இறங்கும். குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பிக் கயிற்றில் விடுவார்கள். தரையைத் தொட்டு மேலே வரும்போது அதில் மணல் ஒட்டியிருக்கிறதா, சேறா, சிப்பித் துண்டா என்று பார்ப்பார்கள். ஆழத்தைவிட அடித்தரைதான் முக்கியம். நங்கூரம் கடிக்காத தரையில் எவ்வளவு வடம் விட்டாலும் பயனில்லை.

நங்கூரம் இறங்கியதும் கரையிலிருந்து முதலில் வருவது கட்டுமரம். மூன்று நான்கு மரத்தைக் கயிற்றால் பிணைத்த அந்த மிதவை அலைக்குள் மூழ்கி எழும். மேலே இருப்பவரும் மூழ்கி எழுவார். தலையில் உள்ள கூம்புத் தொப்பிக்குள் கடிதம் மட்டும் நனையாது. ஆளுக்கும் மூட்டைக்கும் வேறு வாகனம்: சலங்கு. ஆங்கிலேயர் சென்னையில் மசூலா என்றதும் பிரெஞ்சுக்காரர் இங்கே ஷெலாங் என்றதும் இந்த வகைப் படகைத்தான்.

சலங்கில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, கயிற்று நாரால் துணி தைப்பதுபோலத் தைத்திருப்பார்கள். தையலுக்கு அடியில் நாரும் வைக்கோலும் திரித்த புரி. உள்ளே விலா எலும்புபோன்ற சட்டங்கள் இல்லை. ஆணியடித்த ஐரோப்பியப் படகு இந்தக் கரையின் உடைஅலையில் தரையை மோதினால் பிளந்துவிடும். சலங்கு நெளியும், அடி வாங்கி வளைந்து கொடுக்கும், தண்ணீர் கசியும், அதை மொண்டு ஊற்ற ஒருவர் இருப்பார். பின்னால் நீண்ட துடுப்பைப் பிடித்தபடி தண்டல் நிற்பார். பத்துப் பேர்வரை வலிப்பார்கள். உடைஅலைக்கு வெளியே படகை நிறுத்தி, எந்த அலை பெரியது, எதற்குப் பின்னால் ஏறிக்கொள்ளலாம் என்று தண்டல் கடலை எண்ணிக்கொண்டிருப்பார். குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் வலிக்க, படகு அலையின் முதுகில் வந்து மணலில் விழும். பயணிகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்ப்பார்கள். பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். சலங்கு கவிழ்ந்தால் விழுந்தவர்களை அள்ள.

இந்த வேலையைச் செய்தவர்கள் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாக்கீரப்பாளையம் போன்ற குப்பங்களின் கடல்தொழில் மக்கள். ஆளுநர் டூப்ளேக்கும் தளபதி லாலிக்கும் புதுச்சேரியில் ஞாபகச் சின்னங்கள் உண்டோ இல்லையோ, அவர்கள் பெயர் புத்தகங்களிலாவது நிற்கிறது. தண்டல்கள் ஒருவர் பெயரும் பெரிதாக யாருக்கும் தெரியாது. ஆனால் புதுச்சேரியின் உண்மையான துறைமுகம் அவர்களே. அவர்கள் வர மறுத்தால் கப்பல் சும்மா நிற்க வேண்டியதுதான்.

எத்தனை திறமை இருந்தாலும் வடகிழக்குப் பருவத்தில் எதுவும் செல்லாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை இந்தக் கரையில் கப்பல் நிற்கக் கூடாதென்பது எழுதாத சட்டமாகவே இருந்தது. மீறியதற்கு விலை உண்டு. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே அக்டோபர் 13 இரவுப் புயலில் தன் கப்பல்களில் சிலவற்றைப் பறிகொடுத்தார், மற்றவை முடமாயின. இரண்டு வருடம் கழித்துப் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் மழைக்காலத்துக்கு அஞ்சி அக்டோபரில் பின்வாங்கினார். 1749 ஏப்ரலில், எதிர்பாராத கோடைப் புயலில், தேவனாம்பட்டினம் அருகே அவருடைய நாமூர் கப்பல் 500-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ஆங்கிலேயருக்கு பம்பாயில் கப்பல் பழுதுபார்க்க இடமிருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மொரீஷியஸ்தான். 1759-ல் இங்கிருந்து மொரீஷியஸுக்குப் போன தளபதி தாஷேயின் கப்பல் படை திரும்பவே இல்லை. லாலி ஜனவரி 2 அன்று எழுதிய கடிதத்தை அந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் மட்டும் இந்தக் கணக்கை மாற்றிப் பார்த்தார்: 1782 மழைக்காலத்தைக் கழிக்க மொரீஷியஸ் போகாமல் சுமத்ராவின் ஆச்சேவுக்குப் போய், அடுத்த ஆண்டு கடலூர் முன்னால் வந்து நின்றார்.

1816-ல் புதுச்சேரி கடைசியாகப் பிரான்சுக்குத் திரும்பியபோது கோட்டை கட்டும் உரிமை இல்லை. வியாபாரம் மட்டும். 1836-ல் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது; இன்று கடற்கரைச் சாலையில் வெள்ளையாக நிற்பது அதுதான். செனகல் வரை போன நீலத் துணி மூட்டைகள், மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போன மல்லாட்டை மூட்டைகள் எல்லாம் சலங்கில் ஏறித்தான் கப்பலுக்குப் போயின.

மனிதர்களும் போனார்கள். 1853-ல் மார்த்தினிக்குக்கும், 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுசேர்த்தது ஒரேலி என்ற கப்பல். அடுத்த முப்பத்தைந்து வருடங்களில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போய் இறங்கினார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் புறப்பட்ட முக்கிய இடங்கள். உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த பலருக்குக் கடலோடு ஏற்பட்ட முதல் பரிச்சயம் அந்தத் தையல் படகாகத்தான் இருந்திருக்கும்.

1860-களில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. இனி சலங்குகள் உடைஅலையைத் தாண்ட வேண்டியதில்லை, பாலத்தின் நுனிக்கு வந்தால் போதும். கப்பல்கள் பழையபடி தூரத்திலேயே நின்றன. 1952-ல் அடித்த புயல் அந்தப் பாலத்தை முடித்துவைத்தது. அதன் தூண்களின் அடிக்கட்டைகள் காந்தி சிலை அருகே தண்ணீருக்கு மேல் இன்றும் தலைகாட்டுகின்றன. தெற்கே தள்ளி 1960-களின் தொடக்கத்தில் எழுந்த புதிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

உண்மையான துறைமுகம் வந்தது 1980-களின் கடைசியில். அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இருநூறு வருடத்துக்கும் மேலான குறை தீர்ந்தது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் கப்பலோட்டிகளுக்குத் தெரிந்த அந்த வடக்கு நோக்கிய ஓட்டம் தண்ணீரில் மட்டுமல்ல, மணலிலும் உண்டு. அலைகள் வருடத்தில் பல மாதங்கள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சுவர் அதை மறித்தது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. தேங்கும் மணலை இறைத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது, ஆனால் அது ஒழுங்காக நடக்கவில்லை. மணல் போன இடத்தில் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு ஆரம்பித்தது, அங்கும் கல். இப்படி குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. சலங்கு ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் படகு இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் மணல் இல்லை.

2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கியபிறகு, அங்கே மட்டும் மணல் திரும்பி ஒரு சின்னக் கடற்கரை உருவானது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டம் தாங்காது.

துறைமுகத்தின் வாய் மட்டும் பழைய குணத்தை விடவில்லை. தூர்வாராத காலங்களில் மணல் ஏறிவிடும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகள் ஏற்றநீருக்காகக் காத்திருக்கும். சில தரைதட்டிச் சேதமாகியிருக்கின்றன. முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டு மீனவர்கள் மறியல் செய்வதும், இயந்திரம் வந்து வாருவதும், மணல் மறுபடி சேர்வதும் புதுச்சேரிச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிற செய்தி.