உயிர் எங்கிருந்து வந்தது?

ஒருவன் இறந்தால் 'உயிர் போயிற்று' என்கிறோம். போயிற்று என்றால் எங்கே போயிற்று? போன பொருள் முன்னர் வந்திருத்தல் வேண்டுமே. அஃது எங்கிருந்து வந்தது? உடம்பின் வேறாய், வருவதும் போவதுமாகிய ஆன்மா என ஒன்று உண்மையில் உண்டா? அன்றிப் பழக்கத்தால் நாம் வழங்கும் வெறுஞ்சொல்தானா? இவ்வாறு வினவுவோரை நாத்திகர் என்று ஒதுக்கிவிடுதல் சிலர்க்கு எளிதாக இருக்கிறது. ஆனால் தமிழர் வரலாற்றை நோக்குவோர்க்கு அவ்வொதுக்கல் நம் முன்னோர் வழக்கமன்று என்பது புலனாகும்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைச் சுற்றி நடப்போர் இக்கேள்விக்குரிய விடைகள் பலவற்றையும் ஒரே மாலையிற் கேட்கலாம். யாழ்ப்பாணத்துச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலிற் கேட்டால், ஆன்மா ஒருவராலும் படைக்கப்பட்டதன்று, இறைவனைப் போலவே அதுவும் அநாதி என்று சித்தாந்தம் விடை பகரும். 1904-ம் ஆண்டில் நிறுவப்பட்ட விவேகானந்த ஆசிரமத்திற் கேட்டால், எல்லா உயிர்களிலும் விளங்கும் ஆன்மா ஒன்றே என்று வேதாந்தம் கூறும். 1894-ல் தோன்றிய சிங்களப் பௌத்தர் சங்கத்தின் மகா விகாரையிலோ, நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை, கணந்தோறும் மாறும் ஐந்து கந்தங்களின் தொடர்ச்சியையே நாம் 'நான்' என்று மயங்குகிறோம் என்பர். தமிழ்க் கிறிஸ்தவரின் தேவாலயத்தில் அஃது ஆண்டவர் ஊதிய சீவன். தமிழ் முஸ்லிம்கள் தொழும் பள்ளியில் அஃது இறைவன் கட்டளையைச் சார்ந்த 'ரூஹ்'. கேள்வி ஒன்று, விடை ஐந்து. எல்லாம் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஆதலின் ஆராய்தல் குற்றமன்று, கடமையேயாகும்.

இவ்வாராய்ச்சியைத் தமிழில் முதன்முதல் விரிவாக நிகழ்த்திக்காட்டிய நூல்களுள் ஒன்று மணிமேகலை. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இறுதியாகப் பேசுபவன் பூதவாதி. ஆத்திப்பூவையும் கருப்புக்கட்டியையும் பிறவற்றையும் ஒன்றுகூட்டினால் அவற்றில் தனித்தனியே இல்லாத மதுவின் வெறி எவ்வாறு தோன்றுகின்றதோ, அவ்வாறே பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது. அவை பிரியும்போது அழிகிறது. கண்ணாற் காண்பதன்றி வேறு பிரமாணமில்லை என்பது அவன் வாதம். அவள் சினக்கவில்லை. உன் தாய் தந்தையரை நீ அநுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று ஒரு வினாவால் அவனை மடக்குகிறாள். அவ்வினா கூர்மையானதே. ஆயினும் காட்சி மட்டுமே பிரமாணம் என்ற கூற்றை அது வீழ்த்துமேயன்றி, உணர்வு கூட்டத்தால் தோன்றும் என்ற உவமையை வீழ்த்திவிடவில்லை. இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. நிலையான ஆன்மாவை ஒப்பாத பௌத்தத்தைத் தழுவிய அவளே தன் முற்பிறப்பை உறுதியாக நம்புகிறாள். ஆகவே ஆன்மா உண்டா என்பது வேறு, மறுபிறப்பு உண்டா என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் இன்றளவும் நம்மிடையே உள்ள பிழையாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை ஆன்மா உண்டென நிறுவுவதற்கே ஒதுக்கினார். எதையும் 'இஃது அன்று' என மறுக்கும்போது மறுக்கின்ற அறிவு ஒன்று எஞ்சி நிற்கிறதே. 'என் உடல்' என்று உடைமையாகச் சொல்வதால் உடையவன் வேறாதல் வேண்டுமே என்றெல்லாம் அவர் காரணங் காட்டுகிறார். அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், தாம் மறுக்கப்போகும் மதங்களுள் உலகாயதத்தை முதலில் நிறுத்தி, அவர் கூற்றை அவர் வாயாலேயே சொல்லவிட்டுப் பின்னரே மறுக்கிறார். மறுப்பவனின் வாயை அடைக்காமல் அவனுக்கு முதலிடம் தந்த இப்பண்பே நாம் பெற வேண்டிய பெருஞ்செல்வம். இனி, 'என் உடல்' என்பது போலவே 'என் உயிர்' என்றும் சொல்லுகின்றோமே, அவ்வுயிரை உடைய 'நான்' யார் என்று உலகாயதன் இன்று திருப்பிக் கேட்பானாயின், அதற்கும் செவிகொடுத்தல் அம்மரபுக்கு இயைந்ததேயாம்.

வாதத்தோடு அமையாமல் சோதித்துப் பார்த்தவரும் உளர். பாலி மொழியிலுள்ள தீக நிகாயத்தில் பாயாசி என்னும் சிற்றரசன் கதை வருகிறது. கள்வன் ஒருவனை உயிரோடு சாடியில் அடைத்து, வாயை மூடிப் பூசி, அவன் இறந்தபின் மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகிறதா என்று பார்த்தானாம். ஒன்றும் காணவில்லை. மற்றொருவனை இறக்குமுன்னும் பின்னும் நிறுத்தும் பார்த்தானாம். 1907-ல் அமெரிக்க வைத்தியர் டங்கன் மக்டூகல் என்பவரும் இறக்குந் தறுவாயிலிருந்த ஆறு நோயாளரைத் தராசின்மேல் வைத்து நிறுத்ததாக வெளியிட்டார். ஒருவர் எடை ஏறத்தாழ 21 கிராம் குறைந்தது என்றார்; மற்றவரிடம் அவ்வளவு ஒத்து வரவில்லை. விஞ்ஞானிகள் அதனை ஏற்கவில்லை. எனினும் '21 கிராம்' என்னும் பேச்சு மட்டும் உலகெங்கும் உலவுகிறது.

மூளையை ஆராய்ந்தோர் கண்டது இதனினும் உறுதியானது. 1861-ல் பிரெஞ்சு வைத்தியர் புரோகா, பேச்சிழந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையின் இடப்பக்க முன்பகுதி கெட்டிருந்ததைக் காட்டினார். நினைவு, பேச்சு, குணம் ஆகியவை மூளையைச் சார்ந்தே நிற்கின்றன என்பது அதன்பின் மேன்மேலும் உறுதிப்பட்டது. கருவிகளோடு கூடினாலன்றி ஆன்மா அறியாது என்பது எங்கள் கொள்கையே என்று சைவர் இதற்கு விடை கூறுவர். யாழ் உடைந்தால் இசை நிற்கும். அதனால் பாணன் இல்லையென்றாகாது என்பது அவர் கருத்து. பாணனைத் தனியே யாரும் கண்டதில்லையே என்பது மற்றவர் கருத்து. இவ்வளவில் வழக்கு நிற்கிறது.

நாம் வாழும் சிலாங்கூரிலேயே இதற்கொரு பழைய அத்தியாயம் உண்டு. 1897-ம் ஆண்டு ஜனவரியில் கோல லங்காட்டைச் சேர்ந்த சோடோய் என்னும் ஊரில், நெல்லின் உயிரை வீட்டுக்கு அழைத்துவரும் சடங்கை ஸ்கீட் என்னும் ஆங்கில அதிகாரி நேரிற் கண்டு எழுதினார். ஏழு கதிர்களை அறுத்துத் துணியிற் சுற்றிக் கூடையிலிட்டு, பிறந்த குழந்தையைப் போல் குடைபிடித்துக் கொண்டுவந்தனர். 'செமாங்காட்' என்று மலாய்க்காரர் சொல்லிய மனித உயிரும் பெருவிரல் அளவினதாய், உடையவனின் உருவமே கொண்டு, உறக்கத்தில் பறந்து திரியும் என்று அந்நாளில் நம்பப்பட்டதை அவர் பதிவு செய்தார். கட உபநிடதமும் உள்ளிருக்கும் புருடனைப் பெருவிரல் அளவினன் என்றே கூறுகிறது. கனவில் இறந்தோரைக் கண்டதும், உறங்குபவன் விழிப்பதும், பிணம் விழியாததுமே இந்நம்பிக்கைக்கு வித்தென்று 1871-ல் டைலர் என்னும் அறிஞர் விளக்கினார்.

இவையெல்லாம் திண்ணைப் பேச்சாக நின்றுவிட்டால் தீங்கில்லை. ஆனால் ஆன்மாவின் பெயரால் ஒரு கணக்கு எழுதப்பட்டது. முற்பிறப்பில் தீவினை செய்த உயிர் இழிந்த குலத்திற் பிறந்தது. ஆகவே அதன் துன்பம் நியாயமே என்பது அக்கணக்கு. இதனை எதிர்த்தே சென்னையில் 1882-ல் 'தத்துவ விவேசினி' இதழ் தோன்றிற்று. 1925-ல் 'குடி அரசு' தொடங்கிய பெரியார், மோட்சம், நரகம், மறுபிறப்பு என்பவற்றைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். 1929 டிசம்பரில் அவர் மலாயாவுக்கு வந்தபோது அக்கேள்விகளும் உடன் வந்தன. மறுபுறம், ஆன்மா உண்டென உறுதியாக நம்பிய இராமலிங்க அடிகளோ அந்நம்பிக்கையிலிருந்தே எல்லா உயிரும் ஓரினம் என்ற முடிவைக் கண்டு, 1867-ல் வடலூரில் தருமச்சாலை திறந்து சாதி பாராது பசித்தோர்க்குச் சோறிட்டார். இல்லையென்றவரும் உண்டென்றவரும் பிறவியிழிவை மறுப்பதில் ஒன்றுபட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அக்கணக்கு எவ்வளவு பொய்யென்பதைக் கிள்ளான் காட்டிற்று. சோடோயில் நெல்லின் உயிரை அழைத்த அதே 1897-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். 1901-ல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் மட்டும் 368 பேர் மாண்டனர். கிள்ளான் வட்டார வைத்தியர் மால்கம் வாட்சன் முயற்சியால் சதுப்புகள் வடிக்கப்பட்டுக் காடு வெட்டப்பட்டது. 1902-ல் அத்தொகை 59; 1903-ல் 46. மாண்டவர்தம் முற்பிறப்பை ஒருவரும் திருத்தவில்லை. எந்த ஆன்மாவின் கணக்கும் மாற்றி எழுதப்படவில்லை. வாய்க்கால் வெட்டப்பட்டது; அவ்வளவே. தோட்டங்களில் நீர் தேங்கவிட்டவன் பிழையை விதியின்மேல் ஏற்றியிருந்தால், மக்கள் இன்னும் மாண்டுகொண்டேயிருந்திருப்பர்.

நேயர்களே! ஆன்மா உண்டென்று நம்புவோர் நம்புக; இல்லையென்போர் தம் காரணங்களைச் சொல்லுக. மணிமேகலை போல் சினமின்றிக் கேட்போம். சித்தியார் போல் எதிரியின் கூற்றை முழுதும் கூறிப் பின் மறுப்போம். ஆனால் இரண்டில் மட்டும் ஏமாறாதிருப்போம். உயிரோடிருக்கும் மனிதனின் பசிக்கும் பிணிக்கும் இழிவுக்கும் அவனது காணாத முற்பிறப்பைச் சாட்சிக்கு அழைப்பானேல், அவனை நம்பற்க. இறந்தவன் ஆன்மா கரையேற வேண்டுமென்று, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வைத்த பணத்தை எடுத்தும் கடன் வாங்கியும் கருமாதி செய்யச் சொல்வானேல், அவனுக்கும் செவிகொடாதிருக்க. போன உயிர் எங்கே போயிற்றென்று எவரும் காட்டியதில்லை. இருக்கும் உயிர் எங்கே இருக்கிறதென்பதோ நம் எல்லோர்க்கும் தெரியும்.