பூப்பாத்திக்கு அடியில் ஒரு ரயில்

முப்பது வருடங்களுக்கு மேல் தண்டவாளத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். மகன் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் போயிருந்தபோது, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப் போனான். அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன மரக்கொட்டகை. மாதத்தில் மூன்றாவது ஞாயிறு மட்டும் திறப்பார்களாம். மிக்கி மவுஸ் புகழ் வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிய ரயிலுக்கு அதுதான் பட்டறை, அதுதான் கன்ட்ரோல் ரூம். 1999-இல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

டிஸ்னிக்கு ரயில் ஆசை சிறுவயதிலேயே தொற்றிக்கொண்டது. மிசௌரி மாநிலத்தில் மார்செலின் என்ற ரயில்வே ஊரில் சில வருடங்கள் வளர்ந்தவர். 1917 கோடை விடுமுறையில், பதினைந்து வயதில், ஓடும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். பெரிய ஆளான பிறகு, அவருடைய ஸ்டுடியோ ஓவியர்கள் வார்ட் கிம்பலும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் வீட்டிலேயே ரயில் வைத்திருப்பதைப் பார்த்து, பழைய ஆசை மறுபடி கிளம்பிவிட்டது.

சென்ட்ரல் பசிஃபிக் ரயில்வேயின் 173-ஆம் எண் நீராவி இன்ஜினை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்வது என்று முடிவாயிற்று. ஸ்டுடியோ பட்டறையில் ரோஜர் பிராகி வேலையை நடத்தினார். முதலாளியான டிஸ்னி அங்கே கற்றுக்குட்டியாக நின்று புகைபோக்கி, முன்விளக்கு போன்ற பாகங்களைத் தன் கையால் செய்தார். 1949 டிசம்பர் 24 அன்று முதன்முதலாக ஸ்டுடியோவில் ஓடியது. மனைவி லில்லியனின் நினைவாக இன்ஜினுக்கு "லில்லி பெல்" என்று பெயர்.

கேஜ் 7¼ அங்குலம். எட்டால் பெருக்கிப் பாருங்கள், 58 அங்குலம் வரும். ஸ்டாண்டர்ட் கேஜ் 56½. கணக்கு ஏறக்குறைய சரிதான். ஹோம்பி ஹில்ஸில் புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி 1950-இல் பாதை போட்டார். மொத்தம் 2,615 அடி, அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்ற இறக்கம், பாலம், மண் கரை எல்லாம் உண்டு. சின்ன ரயில்தானே என்று நினைக்காதீர்கள். திறந்தவெளியில் போட்ட பாதைக்கு மழையும் வேரும் பெரியது சிறியது பார்க்காது. ஜல்லி கொஞ்சம் இறங்கினால் போதும், மட்டம் போய்விடும்.

ஆனால் டிஸ்னிக்குப் பெரிய சிக்கல் மண்ணில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. லில்லியனுக்குத் தோட்டம் முக்கியம். டிஸ்னி ஒரு வக்கீலை வைத்து, மனைவியும் இரண்டு மகள்களும் ரயில் போக வழி விடுவதாகப் பத்திரமே எழுதினார். பூப்பாத்தி இருந்த இடத்தில் பாதையை மேலே விடாமல், அதற்கு அடியில் 90 அடி சுரங்கம் தோண்டினார். அதுவும் நேராக இல்லை, வளைத்து. மறுமுனை தெரியக்கூடாதாம். நேராகப் போட்டால் செலவு குறையும் என்று மேஸ்திரி சொன்னதற்கு, போடாமலே விட்டால் இன்னும் குறையும் என்றாராம். என் மேலதிகாரி யாராவது இதைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

விருந்தாளிகளைத் திறந்த வண்டிகளில் உட்காரவைத்து டிஸ்னியே ஓட்டுவார். சில சமயம் மற்றவர்களிடமும் கொடுப்பார். 1953-இல் அப்படி ஓட்டிய ஒருவர் வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. இன்ஜின் தடம் புரண்டது. விசில் உடைந்து நீராவி பீறிட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடிவந்த ஐந்து வயதுச் சிறுமிக்குக் காலில் சூடு பட்டது. காயம் பெரிதில்லை. ஆனால் டிஸ்னி அத்தோடு ரயிலை நிறுத்திவிட்டார். அந்தத் தோட்டத்தில் அவர் அதை மறுபடி ஓட்டவில்லை.

வளைவில் வேகப் பலகை நட்டு, அதை டிரைவர் மதிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டே காலம் கழித்தவன் நான். எங்கள் வேலையில் தடம் புரண்டால் விசாரணை நடக்கும், பாதையைச் சரிசெய்வோம், அடுத்த வண்டி போயாக வேண்டும். டிஸ்னியின் ரயிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆசைக்காக ஓடிய வண்டி, ஒரு குழந்தைக்குக் காயம் பட்டது, நின்றது. அவரிடம் பணம் இருந்தது, ஆள் இருந்தது. நல்ல டிரைவராகப் போட்டு ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை என்பதுதான் எனக்கு அந்த மனிதரிடம் பிடித்தது.

ஆசை மட்டும் விடவில்லை. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது, அதையும் சுற்றி ஒரு மண் கரை, அதன்மேல் ஒரு ரயில். கேஜ் மூன்று அடி. அதன் முதல் இரண்டு இன்ஜின்களுக்கு லில்லி பெல்லின் வரைபடமே ஆதாரம். இன்றும் ஓடுகிறது. லில்லி பெல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் குடும்ப மியூசியத்தில் நிற்கிறது.

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் என் மனைவி சொன்னாள்: "பத்திரம் எழுதினாலும் சரி, என் மல்லிகைப் பந்தலுக்கு அடியில தோண்ட நான் விட்டிருக்க மாட்டேன்." மகன் சிரித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.